தண்ணி நண்டு

முத்துப்பேட்டைப் பக்கம், அலையாத்திக் காட்டை ஒட்டிய ஒரு துறையில் வைரக்கண்ணு அம்மாள் நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மனம் குழம்பியவர்கள் அவரிடம் வந்து உட்காருவார்கள். பதில் கிடைப்பது அபூர்வம். வேலை மட்டும் உடனே கிடைக்கும்.

வேதையன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர். மூன்று வருடமாக அவரிடம் பாடம் கேட்கிறார். அதாவது, நண்டின் கொடுக்குகளைச் சேர்த்துக் கயிறு கட்டுகிறார்.

அன்று காலை வேதையன் வெள்ளை வேட்டி சட்டையில், சேற்றைப் பற்றிய கவலையே இல்லாமல் ஓடி வந்தார்.

"அம்மா! நான் வளந்துட்டேம்மா!"

"எவ்வளவு?"

"சிரிக்காதீங்க. விடியக்காலையில முழிச்சேன். தம்பி மேல இருந்த கோவத்தத் தேடிப் பாக்குறேன், காணோம்! பதினோரு வருஷக் கோவம்மா. பழைய வேதையன் கழண்டு விழுந்துட்டான்!"

சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கலப்படம் எதுவும் இல்லை. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அப்பா இறந்த அன்று அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்தது. அதோடு பேச்சு நின்றது. இன்று தம்பி சிங்காரவேலுவின் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் தம்பியே வந்து பத்திரிகையை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போயிருந்தார்.

"ஒம்பது மணிக்கு முகூர்த்தம். நேரா மேடைக்குப் போறேன், மைக்க வாங்குறேன். அவன் எனக்குச் செஞ்சத ஒவ்வொண்ணாச் சொல்லி, ஒவ்வொண்ணா மன்னிச்சிட்டேன்னு சொல்றேன். மொத்தம் பதினாலு. ஊரே அழுவும் பாருங்க! நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

"பண்ணிட்டாப் போச்சு." வைரக்கண்ணு கூடையைக் காட்டினார். "முதல்ல இதுலேருந்து நல்ல நண்டா ஒண்ணு எடுங்கண்ணே."

வேதையன் உற்சாகமாகக் குனிந்தார். ஒரு நண்டு அழுக்குப் பிடித்து, முதுகில் சிப்பி ஒட்டிக் கிடந்தது. அதே அகலத்தில் இன்னொன்று, இப்போதுதான் பெயிண்ட் அடித்த மாதிரி பளபளத்தது. யோசிக்கவே இல்லை, அதைத் தூக்கினார்.

"இதுதான்!"

"இன்னொரு கையில அந்த அழுக்கு நண்டையும் எடுங்க."

எடுத்தார். அழுக்கு நண்டு கையைக் கீழே இழுத்தது.

"என்னம்மா இது, பளபளன்னு இருக்கு, கனமே இல்லையே!"

"அடிவயித்த அமுக்கிப் பாருங்க."

கட்டைவிரல் பட்ட இடத்தில் ஓடு உள்ளே போய் வெளியே வந்தது.

"தண்ணி நண்டு. பழைய ஓட்டக் கழட்டிக் கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும். அகலம் உடனே வந்துரும்ணே. உள்ள இன்னும் தண்ணிதான்."

வேதையன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப, அது வளந்தது பொய்யா?"

"யாரு சொன்னா?" வைரக்கண்ணுவின் குரல் எழும்பியது. "அந்தப் பழைய ஓட்டுக்குள்ள இது இனிமே நுழைய முடியுமா? ஜோரா வளந்திருக்கு! வாங்க, காட்டுறேன்."

வாய்க்காலில் அமிழ்த்தி வைத்திருந்த கூண்டைத் திறந்தார். தண்ணி நண்டின் கயிற்றை அவிழ்த்து உள்ளே விட்டார். மட்டிச் சிப்பியின் சதையில் ஒரு துண்டு போட்டார்.

நண்டு பாய்ந்தது! வேதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். கல்யாணச் சட்டையின் கைகள் நனைந்தன.

"அடேயப்பா! என்னமா தின்னுது! இவ்வளவு பெரிய கொடுக்கு இருக்கு, என்னைப் பாத்து ஒரு தடவ தூக்கக்கூட இல்லையே!"

"அதுக்கு இப்ப அந்த வேலை இல்லண்ணே."

"எத்தன நாளாகும், கனமாக?"

"இப்படியே தின்னா ஒரு மாசம்."

காற்றில் மேளச் சத்தம் வந்தது. கல்யாண மண்டபம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். வேதையன் பதறிக் கரையேறினார்.

"ஒரு மாசம் கழிச்சா போறது? கல்யாணம் இன்னைக்கும்மா! பத்திரிகை வச்சும் நான் வரலைன்னா, அவன் செத்தாலும் என் வாசல மிதிக்க மாட்டான். எனக்குத் தெரியும் அவன!"

"யாரு போகவேணாம்னா? ஓடுங்க! தாலி கட்டுறதுக்குள்ள போயிரணும்."

"போறேன், போறேன்!" நாலடி ஓடியவர் நின்று திரும்பினார். "அப்ப அந்தப் பதினாலும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ரெண்டு மூணாவது?"

"வேணாங்கண்ணே."

மேளம் வேகம் பிடித்தது. வேதையன் இரண்டு கைகளையும் விரித்தார்.

"பின்ன அங்க போயி நான் என்னதாம்மா செய்யிறது?"

வைரக்கண்ணு அடுத்த நண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"பந்தியில உக்காருங்க. உங்க தம்பி பந்தி விசாரிக்க வருவாரு. 'ரசம் இன்னொரு கரண்டி ஊத்துடா'ன்னு கேளுங்கண்ணே."