பொட்டு சேர்த்துவைத்த மூச்சு

ஒரு கடலின் அடியில், வெளிச்சம் மங்கலாக விழும் சேற்றில், பொட்டு என்று ஓர் உயிர் இருந்தது. அதன் உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல்தான். மணல் பருக்கை அளவு ஓடு. வீடு, அடுப்படி எல்லாம் அதற்குள்ளேயே.

பக்கத்து வளையில் ஒரு நண்டு. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்கும். பதிலை மட்டும் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிவிடும்!

"பொட்டக்கா, உங்களுக்கு வாயே இல்லையே, எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?"

"பார்த்துக்கொண்டே இரு," என்றது பொட்டு. ஓட்டின் துளைகள் வழியே மெல்லிய நூல்கள் நீண்டன. மேலிருந்து விழுந்த பாசித் துணுக்கு ஒன்று அவற்றில் ஒட்டிக்கொண்டது. நூல்கள் அதைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக் கரைத்துவிட்டன.

"அடேயப்பா! அது சரி, உள்ளே குமிழ் குமிழாக என்ன வைத்திருக்கிறீர்கள்?"

"நைட்ரேட் என்னும் உப்பு. தண்ணீரில் கரைந்து கிடப்பதைச் சேர்த்து வைக்கிறேன். பிராணவாயு இல்லாத கெட்ட தண்ணீர் வந்தால் இதைக் கொண்டே மூச்சு விடுவேன். ஆனால் ஒன்று..."

நண்டு எங்கே நின்றது? விடுவிடுவென்று ஓடிப்போய்ச் சேற்றுத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது. "இனி எனக்கென்ன பயம்!"

மூன்றாம் நாள் கெட்ட தண்ணீர் வந்தேவிட்டது. மீன்கள் அலறியடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடின. "நண்டே, நீயும் வா!" என்று கூப்பிட்டன.

"நீங்கள் போங்கள். நான் உப்பு சேர்த்துவிட்டேன்," என்று எட்டுக் கால்களையும் மடக்கிப்போட்டு உட்கார்ந்துகொண்டது நண்டு.

சற்று நேரத்தில் செவுள் எரிந்தது. கண் இருட்டியது.

"அக்கா, மூச்சு முட்டுகிறதே! உப்பு வேலை செய்யவில்லையே! நான் செத்துவிடுவேனா?"

"அட அவசரக்குடுக்கையே! அந்த உப்பை மூச்சாக்கும் வித்தை என் உடம்பில் இருக்கிறது, உன் உடம்பில் இல்லை. அதைச் சொல்வதற்குள்தான் ஓடிவிட்டாயே! என்னால் ஓட முடியாது, அதனால் உப்பு. உனக்கு எட்டுக் கால்கள் எதற்கு? ஓடு!"

நண்டு விழுந்தடித்து ஓடியது. மேட்டை எட்டியபோது அதற்கு உயிர் மட்டும்தான் மிச்சம்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. நண்டு திரும்பி வந்தது. பொட்டு அதே இடத்தில் சுகமாக நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த வித்தை உங்கள் உடம்புக்குள் எப்படி நடக்கிறது?" என்று கேட்டது நண்டு.

பொட்டு சொல்லத் தொடங்கியது. சொல்லி முடிக்கும்வரை நண்டு ஒரு காலைக்கூட அசைக்கவில்லை.

நீதி: இன்னொருவர் பிழைக்கும் வழியைக் கேட்டால் முழுவதும் கேள், அது உனக்கு ஆகுமா என்று தெரிந்த பிறகே அதை நம்பி இரு.