எட்டாவது வேலி

தேரிக்காட்டில் ஆனி பிறந்தால் மணல் நடக்கத் தொடங்கிவிடும். சிவப்பு மணல். மேல்காற்று அதை மேற்கே அள்ளிக் கிழக்கே கொண்டுபோய்ப் போடும். இன்றைக்கு மேடாக இருக்கிற இடம் அடுத்த மாதம் பள்ளமாகக் கிடக்கும். வழி எனக்குத் தெரியும் என்று அங்கே யாரும் பெருமை பேச முடியாது.

அந்தக் காட்டின் கிழக்கோரத்தில் கூவைவிளை என்று ஓர் ஊர். ஐம்பத்திரண்டு வீடுகள். மணல் ஊருக்குள் வராமலிருக்க மேற்கே ஒரு வேலி போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு தட்டி பனையோலையில் முடைந்து தர வேண்டும். அந்தந்த வீட்டின் மூத்த மகன் கம்பு ஊன்ற வேண்டும். இரண்டொரு வருஷத்தில் மணல் அந்த வேலியை மூடிவிடும். மூடிய மணலின் உச்சியில் அடுத்த வேலி போடுவார்கள்.

இப்படி ஏழு வேலிகள் ஆகிவிட்டன. ஏழையும் விழுங்கிய மேடு ஊருக்கு மேல் ஒரு பனை உயரத்துக்கு நின்றது. விருந்தாளி வந்தால் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். மணலைக் கட்டிப்போட்ட ஊர் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

முதல் வேலி ஆதிலிங்கம் சொல்லிப் போட்டது. ஏழாவதும் அவர் சொல்லித்தான். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இந்த ஆடி முதல் வாரம் ஏழாவது வேலி ஊர்ப்பக்கமாகச் சாய்ந்தது. முட்டுக்கொடுக்க அவருடைய மூத்த மகன் தவசிக்கனி மேட்டுச் சரிவில் ஏறினான். ஒரு கம்பை நட்டான். இரண்டாவது கம்பை நடும்போது மேடு பெயர்ந்து வந்தது. சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவனைத் தோண்டி எடுக்க மத்தியானம் ஆயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆதிலிங்கம் வீட்டுக்குப் போகவில்லை. மேற்கே நடந்தார்.

தேரியின் நடுவில் உலகம்மை இருந்தாள். காவி கட்டியவள் இல்லை. யாருக்கும் திருநீறு கொடுத்ததும் இல்லை. நான்கு ஆடு வைத்திருந்தாள். அவள் குடிசைக்கு மேற்கிலும் கிழக்கிலும் சுவர் கிடையாது. ஒரு பக்கம் வரும் மணல் மறுபக்கம் போய்விடும். மிச்சத்தைப் பெருக்குவாள். பெருக்கி மாளாத வருஷம் குடிசையைப் பிரித்து வேறிடத்தில் போட்டுக்கொள்வாள்.

ஆதிலிங்கத்தைவிட அவள் இருபது வயது இளையவள். அவளை அவர் அம்மா என்று கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். மூன்று வருஷமாக அவர்தான் அவளுக்குச் சீடர். வெள்ளிக்கிழமை வருவார், ஏதாவது கேட்பார், பதில் பிடிக்காமல் எழுந்து போவார், அடுத்த வெள்ளி மறுபடி வருவார். வேலியைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் கேட்டார்.

“மணல நிறுத்தவே முடியாதாம்மா?”

அன்றிரவு அவர் குடிசையிலேயே தங்கினார். மறுநாள் காலையில் உலகம்மை தானியம் புடைக்கிற சுளகை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெறும் மணலில் அதைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, இரண்டு குச்சியால் முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள்.

“சாயங்காலம் போய்ப் பாருங்க, அண்ணாச்சி.”

சாயங்காலம் போய்ப் பார்த்தார். சுளகு கண்ணில் படவில்லை. அது நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது.

“இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“உங்க ஊர்ல என்ன செய்விய?”

“இதுக்கு மேல இன்னொரு சுளகு வைப்போம்.”

“என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான். தோண்டி எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது அந்தக் குவியல் இல்லை. மணல் முன்போலச் சமமாகக் கிடந்தது. ஆதிலிங்கம் அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றார். வெயில் ஏறிய பிறகு குடிசைக்கு வந்து உட்கார்ந்தார்.

“எங்க ஊர் மேட்டக் காத்து கட்டல,” என்றார். “நான் கட்டினேன்.”

உலகம்மை ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மூணு வருஷமா உங்களுக்குத் தெரியும்லா? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன்.”

“கேட்டிருக்க மாட்டேன்.”

“கேக்கலன்னாலும் சொல்லியிருக்கணும். அது என் தப்பு, அண்ணாச்சி.”

அவளிடம் சண்டை போடலாம் என்றுதான் ஆதிலிங்கம் நினைத்திருந்தார். அவள் தப்பை ஒப்புக்கொண்டதும் யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகன் செத்த அன்றுகூட அவர் இப்படி அழுததில்லை. அன்றைக்கு ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

உச்சிப்பொழுதில் அவருடைய இளைய மகன் சேர்மத்துரை வந்தான். இருபத்தாறு வயது. தலையிலும் புருவத்திலும் மணல். குடிசைக்கு வெளியே நின்றே பேசினான்.

“அப்பா, கம்பு வெட்டியாச்சு. தட்டியும் தயார். ஊரே மேட்டடியில நிக்கி. காத்து ஓய இன்னும் ஒரு மாசம் கிடக்கு, அதுக்குள்ள எட்டாவது வேலியப் போட்டாத்தான் பிழைப்போம்னு சொல்லுதாவ.”

“யாரு சொல்லுதா?”

“எல்லாரும்தான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆரம்பிச்சிருவோம்.”

“மொதக் கம்பு யாரு ஊனுதது?”

சேர்மத்துரை தரையைப் பார்த்தான்.

“நம்ம வீடுதானே எப்பவும் மொதல்ல. அண்ணன் இல்லைல்லா. இனி நான்தான்.”

ஆதிலிங்கம் உலகம்மை பக்கம் திரும்பினார்.

“வேலி போடாட்டா ஊர் பிழைக்குமா?”

“பிழைக்காது.”

“போட்டா?”

“அப்பவும் பிழைக்காது.”

“ரெண்டும் ஒண்ணுன்னா போட்டுட்டே சாவோமே.”

“ரெண்டும் ஒண்ணு இல்ல. போட்டா மேடு இன்னும் ஒசந்து ஒரு நாள் ஒட்டுமொத்தமா ஊர்மேல விழும். போடாட்டா மணல் கொஞ்சம் கொஞ்சமா வரும். இந்த வருஷம் வாசப்படி, வாற வருஷம் கிணறு. கதவக் கழத்தலாம், உத்திரத்த இறக்கலாம், புள்ளகுட்டியக் கூட்டிட்டு ஆட்ட ஓட்டிட்டுப் போகலாம். எல்லாத்துக்கும் நேரம் இருக்கும்.”

“எங்க போக?”

“தெரியாது.”

“என் தாத்தா வெட்டுன கிணறு அது.”

“தெரியும்.”

சேர்மத்துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அந்த மேட்டைப் பார்த்தாலே பயம். பதினெட்டு நாளாகப் பயம். அண்ணனைத் தோண்டி எடுத்தவர்களில் அவனும் ஒருவன், வாயிலும் மூக்கிலும் இருந்த மணலை விரலால் எடுத்தவன் அவன்தான். ஆனால் கம்பு ஊன்ற மாட்டேன் என்று கூவைவிளையில் எந்த மூத்த மகனும் சொன்னதில்லை. அவனும் சொல்லப்போவதில்லை. அப்பா என்ன சொல்கிறாரோ அதைச் செய்வான்.

அது ஆதிலிங்கத்துக்கும் தெரியும்.

எழுந்து நின்றார்.

“பதினாறாம் நாளு ஊரே கூடி என்ன சொன்னாவ தெரியுமாம்மா? தவசிக்கனி ஊருக்காகச் செத்தான்னாவ. அவன் பேரச் சொல்லித்தான் எட்டாவது வேலின்னாவ. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் நடமாடுதேன். அவன் அம்மாவும் அதச் சொல்லித்தான் ஒரு வாய் கஞ்சி குடிக்கா. இப்பப் போயி வேலி வேண்டாம்னு நானே சொன்னா, எம்புள்ள வீணாச் செத்தான்னு ஆகிருமே. ஊருக்காகவும் இல்ல, ஒண்ணுத்துக்காகவும் இல்லன்னு ஆகிருமே. அத எப்பிடி என் வாயால சொல்லுவேன்?”

காற்று குடிசைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போயிற்று. உலகம்மை கையிலிருந்த குழையைக் கீழே வைத்தாள். அவரிடம் வந்து, அவர் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

“வீணாத்தான் செத்தான், அண்ணாச்சி,” என்றாள். “இவன் உசிரோட நிக்கான்.”