ஒண்ணுமில்லாத கால்

பாளையங்கோட்டையில், வலி தீராத பிள்ளைகளுக்கு மட்டும் பிசியோதெரபி செய்கிற ஒரு இடம். அதை நடத்துகிறவர் ஜெபமணி மேடம். கேட்டதற்குப் பாதிதான் பதில் சொல்வார். மீதியை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவன் இசக்கிராஜ். படித்து முடித்துப் பட்டம் வாங்கியாச்சு. பொறுமை மட்டும் வாங்கவில்லை.

அவனுக்கு ஒரு சின்னப் பிள்ளை மேல் கோபம். பிள்ளை மேல் கோபப்படலாமா என்றால், கூடாதுதான். ஆனால் பட்டான்.

பிள்ளையின் பேர் நஸ்ரின். ஆறாம் வகுப்பு, ஊர் மேலப்பாளையம். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும்போது வலது கால் பிசகியது. வீக்கம் வடிந்தது. மாவுக்கட்டு போட்டு அவிழ்த்தும் ஆயிற்று. வலி மட்டும் போகவில்லை, கூடிக்கொண்டே போனது. போர்வை பட்டால் அலறுவாள். ஃபேன் காற்று பட்டால் எரிகிறது என்பாள். காலைத் தரையில் ஊன்றி மாதக்கணக்காகிறது. அவளுடைய வாப்பா ஜலாலுதீன்தான் தூக்கிக்கொண்டு வருவார். இடது காலில் மட்டும் செருப்பு இருக்கும்.

எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எல்லாப் படமும் எடுத்தாயிற்று. எலும்பு சுத்தமாக இருக்கிறது, நரம்பும் சுத்தமாக இருக்கிறது.

முந்தின நாள் இசக்கிராஜ் பஞ்சை எடுத்து அந்தக் காலை லேசாகத் தொட்டான். தொட்டதுதான் தாமதம், வீறிட்டாள். விழுந்த பிள்ளையைத் தூக்கும்போது ஊரே சொல்கிற வார்த்தையைத்தான் அவனும் சொன்னான்.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல."

நஸ்ரின் அவனை ஒரு பார்வை பார்த்தாள். காலைப் பாவாடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். அதோடு சரி. யாருக்கும் காலைக் காட்டவில்லை, ஜெபமணி மேடத்துக்குக்கூட.

இன்றைக்கும் அப்படியே வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜலாலுதீன் ஜெபமணியிடம் வந்து நின்றார். பேசக் கூச்சப்பட்டார், ஆனாலும் பேசினார்.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. மச்சான் ஆட்டோவோட வெளிய நிக்காரு. அடுத்த ஊர்ல ஒருத்தர் திரும்ப மாவுக்கட்டு போட்டுவிடுதேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கும் பிள்ள கால ஊனலன்னா அங்க கொண்டுபோயிருவோம்."

"திரும்பவும் கட்டிப் போட்டா கால் இன்னும் இறுகிரும் பாய். அப்புறம் நடக்க வைக்கது பெரும்பாடு."

"இங்க மட்டும் நடந்துட்டாளா மேடம்?"

ஜெபமணி அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

இசக்கிராஜ் அவர் பின்னாலேயே துணி மடிக்கிற அறைக்குப் போனான். அங்கே ஆயா முப்பிடாதி துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்தப் பிள்ளைக்கு நெசமாவே வலிக்குதா? இல்ல நடிக்குதா?"

ஜெபமணி ஒரு துண்டை மடித்து வைத்தார். திரும்பினார். இசக்கிராஜின் முழங்கைக்கு மேலே பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார்.

"ஆ! மேடம்!"

"என்னல?"

"என்னலயா? வலிக்கு மேடம்!"

"எங்க, காமி." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்லயே."

"இப்பத்தான கிள்ளுனீங்க!"

"நானா? முப்பிடாதி, நான் கிள்ளுனத நீ பாத்தியா?"

முப்பிடாதி தலையை நிமிர்த்தவே இல்லை. "நான் துண்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அக்கா, நீங்களுமா? நேரா என்னயப் பாத்துட்டுத்தான நின்னீங்க?"

"தம்பி காலையில சாப்பிடலயோ என்னமோ மேடம். பசி மயக்கமா இருக்கும்."

"நல்லாத் தேடிப் பாத்துட்டேன்," என்றார் ஜெபமணி. "தோல் கிழியல, ரத்தம் வரல. ஏல, வீட்டுல எதுவும் பிரச்சனையா? வேலைக்கு வரப் பிடிக்கலயா?"

இசக்கிராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. சிரிப்பாகவும் இல்லை, விளையாட்டாகவும் இல்லை. நிஜமாகவே மூக்கு விடைத்தது.

"மேடம், வலிக்குன்னு சொல்லுதேன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

ஜெபமணி மறுபடியும் துண்டு மடிக்க ஆரம்பித்தார்.

"இப்பவும் வலிக்கா?"

இசக்கிராஜ் கையைத் தடவிப் பார்த்தான். "வலி அப்பமே போயிருச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

அவன் கையைத் தடவுவதை நிறுத்தினான். அப்புறம் அங்கே நிற்கவில்லை.

நஸ்ரின் அதே இடத்தில்தான் இருந்தாள். இசக்கிராஜ் தரையில் உட்கார்ந்தான். பஞ்சு எடுக்கவில்லை. காலைக் காட்டு என்று கேட்கவும் இல்லை.

"நேத்து நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"தப்பு. அது உன் காலு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம சொல்லிட்டேன்."

நஸ்ரின் மெதுவாகத் திரும்பினாள். "எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. ஸ்கேன் எடுத்த ஆளு, பெரிய டாக்டரு, எங்க டீச்சரு. மாமி நடிக்கான்னே சொல்லுது. கிளாஸ்ல எனக்குப் பட்டப்பேரு வேற."

"என்ன பட்டப்பேரு?"

"ஒண்ணுமில்ல."

"இப்பத்தான இருக்குன்னு சொன்ன?"

"இருக்கு."

"சரி, என்ன பேரு?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லப் பிடிக்கலன்னா விடு."

"ஐயோ சார்! பட்டப்பேரே அதான்! ஒண்ணுமில்ல! வாப்பா என்னயத் தூக்கிட்டு கிளாஸுக்குள்ள போனா, 'ஏ, ஒண்ணுமில்ல வந்துட்டா'ன்னு கத்துவாங்க!"

இசக்கிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. நஸ்ரின் முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் உதட்டோரம் லேசாகக் கோணியது.

"சார் ரொம்ப மக்கு," என்றாள்.

"ஆமா. இப்ப கேக்கேன், சொல்லு. உள்ள என்னதான் இருக்கு?"

நஸ்ரின் யோசித்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை போல. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பாவாடை ஓரத்தைத் திருகினாள்.

"கொதிக்கிற டீக்குள்ள கால விட்டுட்டு எடுக்க முடியாத மாதிரி இருக்கும். உம்மா போர்வ இழுத்தா சாக்குத்துணி வச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்கும். யாரும் தொடலன்னாலும், யாராவது தொட்டுருவாங்களோன்னு அதுவே முன்னாடி எரிய ஆரம்பிச்சுரும். தூங்கும்போது மட்டும்தான் சும்மா இருக்கும். முழிச்சா அதுவும் முழிச்சுக்கிடும்."

வாசலில் ஜலாலுதீன் நின்றுகொண்டிருந்தார். புறப்படலாம் என்று சொல்ல வந்தவர்.

"இதெல்லாம் வாப்பாட்ட நீ சொல்லவே இல்லயேம்மா?"

"நீங்க வலிக்கான்னு கேப்பீங்க. வலிக்கும்பேன். ஒண்ணுமில்லம்பீங்க. அதோட முடிஞ்சுரும்ல வாப்பா."

ஜலாலுதீன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது.

வெளியே ஆட்டோவிலிருந்து மச்சான் ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

நஸ்ரின் பாவாடைக்குள்ளிருந்து காலை வெளியே எடுத்தாள்.

"நான்தான் தொடுவேன். வேற யாரும் தொடக்கூடாது."

"சரி," என்றான் இசக்கிராஜ்.

"பஞ்சு வேண்டாம். அது கூசும். வாப்பா, துண்டக் குடுங்க."

பக்கத்தில் வந்து உட்கார்ந்த வாப்பாவிடம் துண்டை வாங்கிக் காலின் மேல் போட்டாள். பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. எடுத்து எறிவாள் என்று இசக்கிராஜ் நினைத்தான். எறியவில்லை. அவளே மெதுவாக, பாதத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள்.

அப்புறம் யாரும் சொல்லாமலேயே கட்டில் விளிம்புக்கு நகர்ந்து காலைத் தொங்கப் போட்டாள். விரல்கள் தரையைத் தொட்டன.

"வலிக்கு."

அந்தப் பழைய வார்த்தை இசக்கிராஜின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினான்.

"ஆமா," என்றான்.

"ரொம்ப வலிக்கு."

"ஆமா."

குதிகால் இறங்கியது. முழுப் பாதமும் தரையில் பதிந்தது. நஸ்ரின் வாப்பாவின் தோளைப் பிடித்து எழுந்தாள். இரண்டு காலிலும் நின்றாள். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தமாக அழுதுகொண்டு, நின்றாள்.

கொஞ்ச நேரம்தான். உட்கார்ந்துவிட்டாள்.

ஜலாலுதீன் வெளியே போய் ஆட்டோவுக்குள் தலையை விட்டார். அவர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

"மாவுக்கட்டு வேண்டாம் மச்சான். நாளைக்கும் இங்கதான் வாரோம். இல்ல, நடக்கல. நின்னா. ஆமா, வலிக்குதாம். வலிக்காமயா அழுவா?"

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, இசக்கிராஜ் பாய்களைச் சுருட்டினான். ஜெபமணி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்.

"மேடம், போகும்போது நஸ்ரின்கிட்ட கேட்டேன். வலி துளிகூடக் குறையலயாம். வரும்போது இருந்த மாதிரியேதான் இருக்காம்."

"இருக்கும்."

"அப்புறம் எப்படி மேடம் கால ஊனுனா? நேத்து வரைக்கும் முடியாதது இன்னைக்கு எப்படி முடிஞ்சுது?"

ஜெபமணி கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டினார்.

"இத்தன நாளும் அவளுக்கு, வலிக்கது நெசம்னு அந்தக் காலுக்குச் சாட்சி சொல்லுற வேலயே சரியா இருந்துச்சுல," என்றார். "இன்னைக்குத்தான் நிக்கதுக்கு நேரம் கெடச்சிருக்கு."