தேரை மண்ணுக்குக் குனிந்த பிரபு

அந்தக் காலத்தில், தேரையும் மனுஷரும் அக்கம்பக்கத்தார் மாதிரி பேசிக்கொண்டிருந்தபோது, ஜப்பான் தேசத்து மலையடிவாரத்தில் தொமே என்றொரு குயத்தி இருந்தாள். தேநீர்ச் சடங்குக்குக் கிண்ணம் வனைவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம்; உள்ளே தேநீர் கொதித்தாலும் வெளியே கைக்கு இதமாகத்தான் சுடும்.

கைத்திறன் பாதி என்றால் மண் பாதி. அந்த மண் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் இருந்தது. குழியில் ஒரு கிழத் தேரை குடியிருந்தது. முதன்முதலில் மண்ணெடுக்கப் போன அன்றே அது ஒரு நிபந்தனை போட்டது. எடுத்துக்கொள், ஆனால் முழுசாக மூடி மறைத்துவிடாதே, ஓரிடத்திலாவது என் மண் வெறும் மண்ணாகத் தெரியட்டும் என்றது. தொமே சத்தியம் செய்து கொடுத்தாள். அதனால் கிண்ணத்தை மெருகுக் குழம்பில் முக்கும்போது அடிவளையத்தை மட்டும் விட்டுவிடுவாள். மற்ற இடமெல்லாம் சூளையில் கண்ணாடியாகப் பளபளக்கும். அடி மட்டும் தேரை முதுகு மாதிரி சொரசொரவென்றிருக்கும். முப்பது வருஷம் இப்படியே நடந்தது.

ஒருநாள் பிரபுவின் காரியஸ்தன் ஹன்பெய் வந்தான். ஏழு விருந்தாளிகள் வருகிறார்கள், ஏழு கிண்ணம் வேண்டும் என்றான். அங்கிருந்த ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தவன் முகம் கோணிப்போயிற்று.

"எங்க பிரபு கையில சேத்தைக் குடுப்பியா நீ? அடியிலயும் மெருகு போடு."

அடியில் மெருகு போட்டால் சூளையில் உருகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும், கிண்ணம் கைக்கு வராது என்று தொமே பொறுமையாகத்தான் சொன்னாள். சட்டி வனைகிறவள் எனக்குப் பாடம் நடத்துகிறாயா என்று கத்தினான். மறுத்தால் அந்தக் குழியில் கல்லைக் கொட்டி மூடிவிடுவேன் என்றான். அதிகாரம் இருக்கிறவனுக்கு அறிவு எதற்கு? குழி போனால் மண் போச்சு, பிழைப்பும் போச்சு, தேரைக்கு வீடும் போச்சு. தொமே பல்லைக் கடித்துக்கொண்டு, சுடுவதற்காகக் காயவைத்திருந்த ஏழு கிண்ணத்தையும் அவன் கண்ணெதிரிலேயே முழுசாக முக்கி எடுத்தாள்.

நடந்ததைத் தேரையிடம் போய்ச் சொன்னாள். அது ஆறுதல் சொல்லவில்லை.

"முப்பது வருஷச் சத்தியத்தை ஒரே ஒரு மிரட்டலுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே தொமே."

அது நெஞ்சில் தைத்தது. ஹன்பெய் மேல் கோபம், அவனை ஏவின பிரபு மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் மேலேயே கோபம். சூளையில் அடுக்கும்போது ஹன்பெய் வெளியே நிழலில் படுத்திருந்தான். தொமே ஈரத்துணியை எடுத்து ஒரே ஒரு கிண்ணத்தின் அடியை, மண் தெரிகிற வரைக்கும் துடைத்தாள். மற்ற ஆறையும் தொடவில்லை. ஒட்டித் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

விருந்தன்று சூளையைத் திறக்கும்போது பிரபுவே வந்து நின்றார். ஹன்பெய் முந்திக்கொண்டு ஒரு கிண்ணத்தைப் பிடித்து இழுத்தான். அடி தரையோடு நின்றுகொள்ள, விளிம்பு மட்டும் கையோடு வந்து உள்ளங்கையைக் கிழித்தது. அடுத்ததைக் கம்பியால் நெம்பினான். அதுவும் உடைந்தது. ஆறும் போன பிறகு, இவள் வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று அலறினான்.

தொமே ஏழாவதை எடுத்தாள். அது பூப்போல வந்தது. குழியோரப் பாறைக்கு நடந்துபோய், கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றாள். அதைக் கொடு என்றார் பிரபு.

"ஆமாய்யா, வேணும்னேதான் விட்டேன். ஒட்டும்னு சொன்னேன், உங்க ஆளு கேக்கல. குழியை மூடிடுவேன்னு மிரட்டினான். இந்த மண்ணுல செஞ்சதை வாயில வச்சுக் குடிப்பீங்க, இந்த மண்ணைப் பாக்க மட்டும் கூசுதா?"

என்ன வேண்டும் என்று கேட்டார் பிரபு.

"குழியில எவனும் கை வைக்கக் கூடாது. குடிச்சு முடிச்சதும், நீங்களும் உங்க விருந்தாளிங்களும் தரையோட குனிஞ்சு, கிண்ணத்தைத் திருப்பி அடியில இருக்கிற மண்ணைப் பாக்கணும். முடியாதுன்னா இப்பவே போட்டு உடைக்கிறேன்."

விருந்தாளிகள் வந்து காத்திருந்தார்கள். வேறு கிண்ணம் கிடையாது. பிரபு சரி என்றார்.

ஒரே கிண்ணம் எட்டுப் பேர் கை மாறியது. சொன்ன சொல் நடக்கிறதா என்று தொமே வாசலில் நின்று பார்த்தாள். தேரையும் கூடவே வந்திருந்தது. ஒவ்வொருவராகக் குடித்து, முழங்கையை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பிரபுவும் குனிந்தார்.

"எல்லாம் எங்காளுங்க மாதிரியே உக்காந்திருக்கு," என்றது தேரை.

தொமேவுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்துபோன ஆறும் அவள் கையால் வனைந்தவை. வீட்டுக்குப் போய் மண்ணைப் பிசைய உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் யார் வனைந்தாலும் தேநீர்க் கிண்ணத்தின் அடி மெருகில்லாமல் வெறும் மண்ணாக இருக்கிறது. எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷனும் குடித்து முடித்ததும், தேரை மாதிரி தரையோடு குனிந்து அந்த மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறான்.