முந்நூறு பேருக்கு மாவு

குணாளனுக்கு மடத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அவனுடைய குரு பூபாலன், பள்ளிக்கூடத்தில் அவனைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தவர். இவன் "சாமி" என்று கும்பிட்டால், அவர் பழைய பழக்கத்தில் "சொல்லுங்கண்ணே" என்பார். பக்கத்தில் இருக்கும் சீடர்கள் யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

அன்று காலை மடத்துக் கிரைண்டர் புகைந்து நின்றுபோனது. இனி மாவை வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று குரு சொல்லிவிட்டார். பிற்பகலில் செய்தி காதில் விழுந்ததும் குணாளன் தன் மாவுக் கடையை மனைவி அம்சவேணியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான். இந்த ஆர்டர் கிடைத்தால் கடை தப்பும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஷட்டரை இறக்கிச் சாவியை வாடகை கேட்கும் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வந்தவன் நேராக ஆர்டரைக் கேட்கவில்லை. எம்.பி.ஏ. படித்தவன் அல்லவா, சுற்றி வளைத்தான்.

"சாமி, ஒரு கடை நூறு வருஷம் நிலைக்கணும்னா என்ன செய்யணும்?"

"உங்க கடை ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சுண்ணே?"

"வர்ற ஆடி வந்தா ஒரு வருஷம்."

"போர்டுல பாரம்பரியச் சுவைன்னு போட்டிருக்கீங்க?"

"அது தொலைநோக்கு, சாமி."

குரு தலையாட்டினார். "இன்னைக்கு ராத்திரி பாதயாத்திரைக்காரங்க முந்நூறு பேர் சாப்பிட வர்றாங்க. இட்லிக்கு மாவு இருக்கா?"

கடையில் இருந்தது நேற்று அரைத்த மாவு. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜ் வேறு ஓடவில்லை. குணாளன் அரை நொடி யோசித்தான்.

"இருக்கு சாமி. இப்பதான் அரைச்ச மாதிரி இருக்கும்."

"கடை நம்பரைச் சொல்லுங்க."

"நான்தான் இங்கயே இருக்கேனே, சாமி."

"பரவாயில்லை, சொல்லுங்க."

சொன்னான். குரு ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பாயில் வைத்தார். சிக்னல் போய்விடாதா என்று குணாளன் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். போகவில்லை.

"மாவுக் கடைங்களா? இட்லி மாவு வேணும்மா."

"இன்னைக்கு வேணாம்ண்ணே, புளிச்சுப்போச்சு" என்றாள் அம்சவேணி. "ஊத்தப்பம்னா ஊத்தலாம். இட்லிக்கு ஆகாது. எத்தனை பேருக்கு?"

"முந்நூறு பேருக்கு."

"முந்நூறு பேர் வயித்தைக் கெடுத்து வைக்கவா? எதிர்க்கடை செண்பகம் அக்காகிட்ட கேளுங்க. அவங்க கடையில இன்வெர்ட்டர் இருக்கு, மாவு நல்லா இருக்கும். நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

"சரிம்மா."

"அண்ணே, ஒரு நிமிஷம். எங்க வீட்டுக்காரரை வழியில எங்கயாவது பார்த்தா மாவு இருக்கும்பார். நம்பிடாதீங்க."

குரு போனை அணைத்தார். குணாளன் பாயில் இருந்த ஒரு பிரிந்த கோரையை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"யாருண்ணே அது?"

"வீட்டுல சாமி. வியாபாரம் தெரியாதவ. எதிர்க்கடைக்கு ஆள் அனுப்புறா பாருங்க. நாளையிலிருந்து போனை நானே வச்சுக்கிறேன். கல்லாவுலயும் நானே உக்காந்துக்கிறேன்."

குரு அடுப்படிப் பக்கம் திரும்பி, சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"செண்பகம்னு ஒருத்தங்க மாவுக் கடை வச்சிருக்காங்களாம். அண்ணன் கடைக்கு எதிர்க்கடை. முந்நூறு பேருக்கு வாங்கிட்டு வந்துடுங்க."

கட்டடக்காரரின் முகம் குணாளனின் கண்முன் வந்து நின்றது.

"அப்ப நம்ம கடை, சாமி?"

"போன் அந்தம்மாகிட்டயே இருக்கட்டும்ண்ணே. இனிமே தினமும் மாவு எங்க வாங்கணும்னு நான் அவங்களைத்தான் கேக்கப்போறேன்."