பஞ்சுவின் இடது காது

ஒரு காட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆற்றங்கரையில் யானையார் நடத்தியது எல்லோருக்கும் பொதுப் பள்ளி. குன்றின்மேல் நரியார் நடத்தியது தனியார் பள்ளி. இரண்டிலும் முதல் பாடம் ஒன்றுதான்: பருந்தின் சிறகோசையைக் கேட்டதும் ஓடி ஒளிவது. அது தெரியாத குட்டி அந்தக் காட்டில் பிழைக்காது.

சேர்வதற்கான சோதனையும் ஒன்றுதான். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் படிக்கும் வயது வந்துவிட்டது என்று அர்த்தம்.

முயலம்மாவுக்கு ஒரே பிள்ளை, பேர் பஞ்சு. பால்குடி மறந்தது நேற்றுத்தான். ஆனால் பக்கத்து மரத்து அணில்குட்டி குன்றுப் பள்ளியில் சேர்ந்துவிட்டது என்று கேட்டதிலிருந்து அவளுக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை.

முதலில் யானையாரிடம்தான் கூட்டிப் போனாள். பஞ்சுவின் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது.

"இப்போது இவன் இருக்க வேண்டிய இடம் உன் மடிதான் அம்மா. அடுத்த மழைக்குக் கூட்டி வா" என்றார் யானையார்.

அடுத்த மழைக்கா? அதற்குள் மற்றப் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுமே! அன்று மாலையே குன்றேறினாள்.

அங்கேயும் கை எட்டவில்லை. நரியார் முகம் சுளிக்கவில்லை, குழைந்து பேசினார். இடம் கொஞ்சம்தான், கேட்டு வருகிறவர்கள் ஏராளம், அணில்குட்டி மளமளவென்று படிக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விதியை நான் மீற மாட்டேன் அம்மா. கை காதுக்குப் போகாவிட்டால், காது கைக்கு வரட்டுமே. அது நீங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது."

மறுநாளிலிருந்து வளைக்குள் அதே வேலை. அவள் காதைப் பிடித்து இழுப்பாள், பஞ்சு வீறிட்டு அழுவான். "உன் நல்லதுக்குத்தானடா கண்ணு, பொறுத்துக்கோ" என்று தானும் அழுதுகொண்டே இழுப்பாள். பாசம்தான், யார் இல்லை என்றது? ஒருநாள் காதின் அடியில் நறுக்கென்று சத்தம் கேட்டது. காது துவண்டு கைப்பக்கம் சாய்ந்தது. பஞ்சு தொட்டான். நரியார் சேர்த்துக்கொண்டார்.

சேர்ந்து என்ன கண்டான்? பாதி நேரம் தூங்கினான், மீதி நேரம் அம்மாவைக் கேட்டு அழுதான். மழை வருவதற்குள், பையனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று நரியார் வெளியே அனுப்பிவிட்டார். காது இப்படி ஆகிவிட்டதே என்று முயலம்மா கேட்டதற்கு, தாம் அதைத் தொட்டதே இல்லையே என்றார். பாவி, அதுவும் உண்மைதான்.

மழை வந்தது. முயலம்மா மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்தாள். பஞ்சு இப்போது வளர்ந்திருந்தான். யாரும் இழுக்காமலே அவன் கை தலையைச் சுற்றிப் போய்க் காதைத் தொட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

யானையார் குட்டிகளுக்குப் பின்னால், இடப்பக்கமாகப் போய் நின்றார். பருந்து வருகிற மாதிரி தம் காதுகளை மெல்ல விசிறினார். மற்றக் குட்டிகள் எல்லாம் புதருக்குள் பாய்ந்தன.

பஞ்சு மட்டும் ஒன்றும் கேட்காதவனாய், காதைத் தொட்டபடியே, அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

நீதி: வயது வருமுன்னே பிள்ளையை இழுத்தால், வயது வந்தபின் அழுது பயனில்லை.