கோரைப்பல்லின் அகலம்

"பல்லே சொல்லிருச்சு. கையெழுத்துப் போட இன்னும் என்ன தயக்கம், மேடம்?"

கேட்டவர் டாக்டர் பொன்னுதுரை. அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் பல் பிடுங்கிவிட்டு, ஐம்பத்தொன்றாம் வயதில் தடயவியல் படிக்க வந்தவர். அவருடைய குரு தில்லைநாயகிக்கு நாற்பதுதான் ஆகிறது. அதில் பொன்னுதுரைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

பிணவறை மேசையில், வெடித்துச் சிதறிய பட்டாசு ஆலையிலிருந்து வந்த ஓர் உடல். உடல் என்று சொல்லவே வாய் வரவில்லை. உருப்படியாக மிஞ்சியது கீழ்த்தாடை மட்டும்.

காணாமல் போனவர்கள் இரண்டு பேர். ஒரு பெண், ஒரு பையன். பெண்ணின் அப்பாவும் பையனின் அம்மாவும் மூன்று நாளாக வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோரைப்பல் அகலம் ஆறரை மில்லிமீட்டர். ஆணுக்கு ஏழைத் தாண்டும். இது பொண்ணுதான். இன்னிக்கே சொல்லிட்டா அந்த அப்பாவாவது அழுது முடிப்பார்."

தில்லைநாயகி அலமாரியைத் திறந்து, பிளாஸ்டரில் வார்த்த இரண்டு பல்வரிசைகளை எடுத்து வைத்தார்.

"அளங்க."

அளந்தார்.

"இது ஏழு புள்ளி மூணு. ஆண். இது ஆறரை. பெண்."

"முதல்ல அளந்தது என் பல்லு. ரெண்டாவது என் தம்பியோடது."

பொன்னுதுரைக்குக் காது சூடேறியது.

"அப்புறம் எதுக்கு இதைச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நூறு பேரை அளந்தா எழுபது, எண்பது பேருக்குச் சரியா வரும். வெளியில இருக்கிறது ரெண்டே பேர்."

"டிஎன்ஏ முடிவு வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"தெரியலைன்னு."

"யாரு சொல்றது?"

தில்லைநாயகி போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனை வருடத்தில் எந்த நோயாளியிடமும் பொன்னுதுரை சொல்லாத வார்த்தை அது. அவர் வெளியே வந்ததும் பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"உள்ள இருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியலை. மூணு வாரம் ஆகும்."

சொல்லிவிட்டு, அவர்கள் முன்னாலேயே அழுதார்.

பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்து நீட்டினார். மகளுக்குப் போர்த்த வாங்கி வந்த கோடிச் சேலை.

"யாரா இருந்தா என்ன சார். மூணு வாரம் வெறும் மேனியாக் கிடக்க வேணாம். இதப் போத்தி விடுங்க."

பொன்னுதுரை அதை வாங்கிக்கொண்டு பையனின் அம்மாவைப் பார்த்தார்.

"ஒருவேளை உங்க பையனா இருந்தா, அம்மா?"

அவள் சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவனும் சேலைத் தூளியில தூங்குன பிள்ளதான்யா. போத்துங்க."